பிளக் பின்னை மாற்றினால் போதுமா? மிஷினோடு வெளிநாடு போகிறவர்களுக்கு

கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம், தொண்டி என்று எங்கள் கடற்கரையோரம் முழுக்க சபுர், அதாவது வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன ஆள் இல்லாத தெரு குறைவு. ராமநாதபுரத்தில் டிரில், கிரைண்டர் ரிப்பேர் செய்கிற என்னிடம் விசா கிடைத்துக் கிளம்புகிறவர்களும் வருவார்கள், விசாவை முடித்துக்கொண்டு திரும்பியவர்களும் வருவார்கள். இரண்டு பேரும் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, பின்னை மட்டும் மாத்திக் குடுங்க."

பின்னை மாற்ற ஐந்து நிமிடம் போதும். ஆனால் அதனால் மாறுவது சொருகும் வடிவம் மட்டுமே. உள்ளே வருகிற கரண்ட் மாறாது. மிஷினைக் கொண்டுபோகலாமா என்று தெரிய, அதன் மேல் ஒட்டியிருக்கும் தகட்டில் வோல்ட், ஹெர்ட்ஸ் (ஒரு நொடியில் கரண்ட் எத்தனை முறை அலையடிக்கிறது என்ற கணக்கு) இரண்டையும் முதலில் படியுங்கள்.

நம் ஊரில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். துபாய், கத்தார், குவைத், ஓமன், சிங்கப்பூர், மலேசியா எல்லாம் 230 அல்லது 240 வோல்ட், அதே 50 ஹெர்ட்ஸ். அங்கே போகிறவருக்குக் கவலை இல்லை. மூன்று பட்டைக் கால் உள்ள ஃப்யூஸ் பிளக் மாட்டினால் வேலை முடிந்தது. சவுதியில் 60 ஹெர்ட்ஸ். வோல்ட் இப்போது 230தான், ஆனால் பழைய கட்டடங்களில் 127 வோல்ட் லைன் இன்னும் இருக்கலாம். அமெரிக்காவும் கனடாவும் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ்.

இந்த ஹெர்ட்ஸ் விஷயத்தில்தான் பலருக்குக் குழப்பம். கையில் பிடித்து வேலை செய்யும் டிரில், ஆங்கிள் கிரைண்டர், மார்பிள் கட்டர், இழைப்பு மிஷின் எல்லாம் கார்பன் (சுழலும் பகுதிக்கு உரசிக்கொண்டே கரண்ட் கொடுக்கும் சின்னக் கட்டி) போட்ட மோட்டார். அதற்கு 50 ஆனாலும் 60 ஆனாலும் ஒன்றுதான், வோல்ட் சரியாக இருந்தால் ஓடும். பெஞ்சு கிரைண்டர், கம்ப்ரசர், தண்ணீர் மோட்டார் அப்படி இல்லை. இவற்றில் கார்பன் கிடையாது, ஹெர்ட்ஸ்தான் வேகத்தைத் தீர்மானிக்கும். இங்கே நிமிடத்துக்கு 3,000 சுற்றை ஒட்டி ஓடும் பெஞ்சு கிரைண்டர் சவுதியில் 3,600ஐ ஒட்டி ஓடும். இழுவை குறையும். மாட்டியிருக்கும் கல் அந்த வேகத்தைத் தாங்குமா என்று கல்லின் மேல் அச்சிட்ட எண்ணைப் பார்க்காமல் சுவிட்சைப் போடக் கூடாது.

திரும்பி வரும்போது நிலைமை இன்னும் மோசம். 60 ஹெர்ட்ஸுக்குச் சுற்றிய மோட்டாரை நம் 50இல் ஓட்டினால் சும்மா ஓடும்போதே அளவுக்கு மேல் கரண்ட் இழுக்கும். "ஙொய்" என்று இரைச்சல், தொட முடியாத சூடு, கொஞ்ச நாளில் காயில் (உள்ளே சுற்றிய கம்பிச் சுருள்) கருகிவிடும். சவுதியிலிருந்து ஆசையாகக் கார்கோவில் போட்ட கம்ப்ரசர்கள் இப்படித்தான் என் கடைக்கு வருகின்றன. கார்கோ கூலியையும் காயில் கட்டும் கூலியையும் கூட்டினால் இங்கேயே புதிது வாங்கியிருக்கலாம்.

அமெரிக்காவிலிருந்து மருமகன் கொண்டுவந்த 120 வோல்ட் டிரில்லுக்கு அவ்வளவு நேரம்கூட ஆகாது. நம் பிளக்கில் சொருகிய உடனே ஒரு அலறல், கார்பனில் நெருப்பு, அப்புறம் புகை. நம் டிரில்லை அங்கே கொண்டுபோனால் உடனே கருகாது, ஆனால் பாதி வோல்ட்டில் நோயாளி மாதிரி சுற்றும். "டிரான்ஸ்பார்மர் வச்சுக்கலாமே" என்பார்கள். 1,400 வாட் மரம் அறுக்கும் மிஷினுக்கு, ஸ்டார்ட் ஆகும்போது இழுக்கும் கரண்டையும் சேர்த்தால், ஏறக்குறைய 3,000 வாட் டிரான்ஸ்பார்மர் வேண்டும். அது மிஷினைவிடப் பல மடங்கு கனம். பெட்டியில் போட்டுக்கொள்ளும் சின்ன கன்வெர்ட்டரை மோட்டார் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அமெரிக்கா போகிறவர்களுக்கு என் பதில் ஒன்றே: மிஷினை இங்கே விற்றுவிடுங்கள், நல்ல உளியையும் ரசமட்டத்தையும் மட்டும் கொண்டுபோங்கள். பிரிட்டனில் 230 வோல்ட்தான். ஆனால் கட்டட வேலை நடக்கும் இடங்களில் மஞ்சள் பிளக் வைத்த 110 வோல்ட் மிஷின்தான் வழக்கம். நம் மிஷின் அங்கே வீட்டு வேலைக்கு ஆகும், சைட்டுக்கு ஆகாது.

வளைகுடாவில் நம் ஆட்கள் செய்கிற ஒரு வேலையைச் சொல்லியே ஆக வேண்டும். அங்குள்ள சாக்கெட்டின் ஓட்டைகளை உள்ளே ஒரு மூடி மறைத்திருக்கும். மேலே இருக்கும் எர்த் ஓட்டையில் பேனாவையோ குச்சியையோ குத்தி அந்த மூடியைத் திறந்து, நம்மூர் இரண்டு பின்னைச் சொருகுவார்கள். பின் இறுகப் பிடிக்காமல் தளர்ந்து பொறி பறக்கும், பிளாஸ்டிக் உருகும், பிளக்கில் இருக்க வேண்டிய ஃப்யூஸும் கிடையாது. பத்து ரூபாய்ப் பின்னுக்காக அறையில் படுத்திருக்கும் எல்லோருக்கும் ஆபத்து.

டிஸ்க்கையும் யோசியுங்கள். நம் நான்கு இஞ்ச் கிரைண்டருக்கான டிஸ்க்கின் துளை 16 மில்லி. ஐரோப்பாவிலும் வளைகுடாவிலும் அதிகம் புழங்கும் 115, 125 மில்லி டிஸ்க்குகளுக்கு 22 மில்லிக்குக் கொஞ்சம் மேலே. வாஷர் வைத்து ஒப்பேற்றுவதும், டிஸ்க்கை மறைக்கும் கார்டைக் கழற்றிவிட்டுப் பெரிய டிஸ்க்கை மாட்டுவதும் விரலோடு விளையாட்டு. போகிற ஊரில் உங்கள் மிஷினுக்கு டிஸ்க்கும் கார்பனும் கிடைக்குமா என்று முன்பே இருக்கிற உறவுக்காரரிடம் விசாரியுங்கள்.

விமானத்தில் மிஷினைக் கைப்பையில் விடமாட்டார்கள், லக்கேஜில்தான் போட வேண்டும். பேட்டரி டிரில் என்றால் தனியாக எடுத்த லித்தியம் பேட்டரி கைப்பையில்தான் போக வேண்டும், லக்கேஜில் கூடாது.

வீட்டிலேயே விட்டுப் போகிறவர்கள் உப்புக்காற்றை மறக்க வேண்டாம். சாக்கில் சுற்றிப் பரணில் போட்டால் பேரிங் துருப்பிடிக்கும், காயிலில் உப்பு ஈரம் ஏறும். துடைத்து, பேரிங்குக்குக் கிரீஸ் வைத்து, மூடி இறுகிய பிளாஸ்டிக் பெட்டியில் வையுங்கள். பல மாதம் கழித்து எடுக்கும்போது நேரே பிளக்கில் சொருகாமல், ஒரு நாள் வெயிலில் காயவிட்டு, பக்கத்து எலக்ட்ரீஷியனிடம் மெக்கர் (கரண்ட் கசிவைச் சோதிக்கும் மீட்டர்) வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மிஷினின் உடம்பில் கரண்ட் கசிகிறதா என்று அதிலேயே தெரிந்துவிடும்.