கனவுருவா, இல்பொருளா? – ஃபேண்டஸிக்கு ஒரு தமிழ்ச்சொல்

காட்பாடியில் ஒரு புத்தகக் கூட்டம். பேசியவர் அரை மணி நேரத்தில் 'கனவுருப்புனைவு' என்று பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார். மாய உலகக் கதைகளை ஆங்கிலத்தில் ஃபேண்டஸி என்பார்களே, அதற்கு வழங்கும் தமிழ்ச்சொல் அது. பக்கத்தில் இருந்த பெரியவர் என் பக்கம் குனிந்து, "கனவுல வர்ற கதைங்களா?" என்று கேட்டார். அவர்மேல் தப்பில்லை. அந்தச் சொல் அப்படித்தான் கேட்கிறது.

ஃபேண்டஸி, கிரேக்க 'ஃபாண்டாசியா'விலிருந்து லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. கண்ணுக்குப் புலப்படச் செய்வது என்பது வேர்ப்பொருள். வெளிச்சமில்லாமல் எதையும் பார்க்க முடியாது, அதனால் ஒளியைக் குறிக்கும் 'ஃபாவோஸ்' என்பதிலிருந்தே அது பிறந்தது என்பார் அரிஸ்டாட்டில். சரி, இதில் தூக்கம் எங்கே வந்தது?

கனவு என்றால் விழித்ததும் தீர்ந்தது. 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' எழுதிய டோல்கீன் 1939இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில், 'எல்லாம் கனவு' என்று கைகழுவிவிடும் கதைகளை மாயக்கதைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. உள்ளே இருக்கும்வரை அந்த உலகம் மெய்யாக இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. அவர் வாசலிலேயே நிறுத்திய கனவை நாம் பெயரிலேயே உட்கார வைத்துவிட்டோம்.

எங்கள் வட ஆற்காட்டுப் பக்கம் பாரதக் கூத்து பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. துரியோதனன் விழும் படுகளம் முடிந்த காலை, திரௌபதி வேடக்காரர் அரிதாரம் கலைக்காமல் டீக்கடையில் பீடி பற்றவைப்பார். எங்கள் தெருவில் கோலமாவு விற்பவர்தான் அவர், அம்மாவுக்கும் தெரியும். ஆனாலும் அன்று அவரைக் கண்டதும் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு ஒதுங்கி வழிவிடுவாள்.

அக்கா மகள் டோல்கீனின் நடக்கும் மரங்களைப் படித்து முடித்த வாரம், குடியாத்தம் சாலையில் வெட்டிக் கிடந்த புளியமரங்களைப் பார்த்து பஸ்ஸிலேயே அழுதுவிட்டாள். அதற்கு முன் அவளுக்கு எல்லாமே வெறும் 'மரம்'. இப்போது ஒவ்வொன்றுக்கும் பெயர் கேட்கிறாள், எனக்குப் பாதி தெரிவதில்லை.

'மிகுபுனைவு' என்பாரும் உண்டு. அளவு மீறிப் புனைவது என்றால் தேர்தல் வாக்குறுதியும் அதில் சேரும். டிராகனை யாளி என்று பெயர்க்கிற மொழிபெயர்ப்பாளர்களை என்ன சொல்ல? வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத் தூணை ஒருமுறை நிமிர்ந்து பார்த்திருந்தால் போதும். யாளிக்குச் சிங்க உடம்பு, நெருப்பும் கக்காது.

சொல் நம் பள்ளிக்கூட இலக்கணத்திலேயே கிடக்கிறது: இல்பொருள் உவமை. உலகில் இல்லாத ஒன்றைக் காட்டி இருப்பதை உணர்த்துவது. 'வன்பாற்கண் வற்றல் மரந்தளிர்த் தற்று' என்ற குறளை (78) எடுத்துக்கொள்ளுங்கள். அன்பில்லாத வாழ்க்கை, பாலை நிலத்தில் பட்டமரம் துளிர்ப்பது போல என்கிறது. சித்திரை வெயிலில் எங்கள் ஊர்ப் பாறை மலையடியில் நின்றவனுக்குப் பட்டமரம் துளிர்க்காது என்று நன்றாகத் தெரியும். தெரிந்தும், அந்த வரியைப் படிக்கும்போது ஒரு பச்சைத் தளிர் கண்ணில் பட்டுவிடுகிறது. ஃபேண்டஸி செய்வதும் அதையேதான். ஆகவே 'இல்பொருட்புனைவு' என்கிறேன்.

அக்கா மகளிடம் சொன்னேன். "இலக்கணப் பரிட்சை வாசனை அடிக்குது மாமா, நான் ஃபேண்டஸின்னே சொல்லிக்கிறேன்" என்றாள். சொல்லட்டும். கனவுருவுக்கு அது எவ்வளவோ மேல்.