கேமரா ஏறும் துலா

கிணற்றில் ஏற்றம் இறைத்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். நீண்ட துலா மரம், ஒரு முனையில் சால், மரத்தின் மேல் முன்னும் பின்னும் நடந்து மிதிக்கிற ஆள். அவர் கிணற்றுப் பக்கம் நடந்தால் சால் இறங்கும். திரும்பி நடந்தால் தண்ணீரோடு ஏறும். படப்பிடிப்பில் கேமராவைத் தூக்கும் ஜிப்பும் கிரேனும் அதே துலாதான். சால் இருந்த இடத்தில் கேமரா, ஆள் நடந்த பக்கத்தில் இரும்புத் தட்டுகள். அதைப் பூட்டி, எடை ஏற்றி, ஷாட் ஓடும்போது நகர்த்துகிறவர்கள்தான் கிரிப் குழுவினர்.

அமெரிக்கப் படப்பிடிப்புகளில் இவர்களுக்குத் தலைவர் 'கீ கிரிப்'. விளக்கை எரிய வைப்பது மின்குழுவின் வேலை. அந்த வெளிச்சத்தை மறைக்கும் கறுப்புத் துணியும், மென்மையாக்கும் வெள்ளைத் துணியும் கிரிப் கையில். பிரிட்டனில் அதையும் மின்குழுவே பார்த்துக்கொள்ளும். கிரிப்பின் வேலை பெரும்பாலும் கேமராவோடுதான்.

சரி, துலாவுக்கு வருவோம். அச்சிலிருந்து 6 மீட்டர் தள்ளிக் கேமரா, 1.5 மீட்டர் தள்ளி எடைத் தட்டுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேமரா 20 கிலோ என்றால் 20 × 6 = 120. பின்னால் 80 கிலோ வைத்தால் 80 × 1.5, அதுவும் 120. கிரேன் கையின் சொந்த எடைக்காக இன்னும் கொஞ்சம் தட்டு சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். சரியாகச் சமன் செய்த கையை இரண்டு விரலால் உயர்த்திவிடலாம்.

ஆனால் சமன் ஆனதால் அது லேசாகிவிடவில்லை. என்னை மிகவும் வியக்க வைப்பது இந்த இடம்தான். சுழலும் பொருள் நகரவும் நிற்கவும் காட்டும் பிடிவாதம், தூரத்தின் வர்க்கத்தோடு கூடும். கேமராவுக்கு 20 × 36 = 720. தட்டுகளுக்கு 80 × 2.25 = 180. எடையில் கால்வாசியே உள்ள கேமராதான் நான்கு மடங்கு முரண்டு பிடிக்கிறது! ஓடுகிற கையைச் சட்டென்று பிடித்தால் முனை அதிரும், படம் ஆடும். அதனால் நிற்க வேண்டிய இடம் வருவதற்கு வெகு முன்பே கிரிப் வேகத்தைக் கரைக்கத் தொடங்கிவிடுவார்.

ஆள் ஏறி உட்காரும் கிரேனில் இந்தக் கணக்கு உயிர் சம்பந்தப்பட்டது. இதே அளவுள்ள கையில் 70 கிலோ ஒளிப்பதிவாளர் உட்கார்ந்தால், அவர் ஒருவருக்காகவே பின்னால் 280 கிலோ ஏற்ற வேண்டும். ஷாட் நன்றாக வந்த மகிழ்ச்சியில் அவர் சட்டென்று குதித்து இறங்கினால் பின்பக்கம் அப்படியே தரையில் விழும்; முன்முனை கவண் போல வானத்துக்குப் பாயும். ஆகவே, கிரேன் கையைப் பிடித்துக்கொண்டு, பின்னால் தட்டுகளை எடுத்த பிறகு கிரிப் "இறங்கலாம்" என்று சொல்லும்வரை யாரும் அசையக் கூடாது. இயக்குநரானாலும் இதே விதிதான்.

கேமராவை ஏற்றித் தரையில் தள்ளிச் செல்லும் டிராலிக்கு வேறு விதமான பாடு. தண்டவாளம் போடும்போது முதலில் தரையின் மேடான இடத்தைத் தேடுவார்கள். அங்கே தண்டவாளத்தைப் படிய வைத்து, மற்ற இடங்களைப் பலகைத் துண்டும் மர ஆப்பும் கொடுத்து அந்த மட்டத்துக்கு உயர்த்துவார்கள். கொத்தனார் வைத்திருக்கும் அதே ரசமட்டம்தான் இங்கும். இரண்டு தண்டவாளங்களுக்கு இடையே 62 செ.மீ. இருந்து, ஒன்று 1 மி.மீ. தாழ்ந்தாலே, 1.5 மீட்டர் உயரத்தில் உள்ள கேமரா ஏறத்தாழ 2.4 மி.மீ. பக்கவாட்டில் நகரும். டிராலியின் மூலைக்கு மூலை பல சிறு சக்கரங்கள் இருப்பதற்கும் காரணம் உண்டு. இணைப்பு இடுக்கை ஒரு சக்கரம் தாண்டும்போது பக்கத்துச் சக்கரங்கள் எடையைத் தாங்கிக்கொள்ளும். குலுக்கல் கேமராவுக்குப் போகாது. வளைவில் சக்கரம் கீச்சிட்டால் முகப் பவுடரைத் தூவுவார்கள்.

இவ்வளவும் முடிந்த பின் தள்ளுகிறவர் கவனிப்பது மானிட்டரை அல்ல, நடிகரின் தோளையும் காலையும். ஒத்திகையில் ஏழு அடியில் வாசலை அடைந்தவர், டேக்கில் அழுகை முட்டி ஐந்தாவது அடியிலேயே தயங்கலாம். அவர் தயங்குகிற அந்த நொடியில், நூற்றைம்பது கிலோவுக்கு மேலான டிராலியும் அவரோடு சேர்ந்து தயங்க வேண்டும்.