சுட்டுப் படிவம்: சொல்லும் பொருளும்

பாறையில் பதிந்து கிடக்கும் ஒரு சிப்பியைக் கொண்டே அந்தப் பாறை அடுக்கு எக்காலத்தது என்று அறுதியிட முடியுமானால், அந்தச் சிப்பியை நிலவியலார் ‘இன்டெக்ஸ் ஃபாசில்’ என்பர். தமிழில் இதைக் ‘குறியீட்டுப் புதைபடிவம்’ என்றும் ‘வழிகாட்டிப் புதைபடிவம்’ என்றும் எழுதலாம். ஆனால் ‘சுட்டுப் படிவம்’ என்பதே இவ்விரண்டினும் பொருத்தமானது என்பது என் கருத்து.

‘ஃபாசில்’ என்பது ‘தோண்டி எடுக்கப்பட்டது’ என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. 1546இல் ஜெர்மானிய அறிஞர் அக்ரிகோலா எழுதிய நூலில் கனிமங்களும் மணிக்கற்களும்கூட அப்பெயராலேயே குறிக்கப்பட்டன. பழைய உயிர்களின் எச்சம் என்ற குறுகிய பொருள் பின்னரே நிலைத்தது. தமிழின் ‘புதைபடிவம்’ தோண்டியதைச் சொல்லாமல், புதைந்ததையும் படிந்ததையும் சொல்கிறது. கூட்டுச் சொல்லில் ‘படிவம்’ என்று சுருக்கினாலும் பொருள் கெடுவதில்லை.

‘இன்டெக்ஸ்’ என்ற இலத்தீன் சொல்லுக்குச் சுட்டுபவர் என்றும் சுட்டுவிரல் என்றும் பொருள். அ, இ, உ என்னும் சுட்டெழுத்துகளை இலக்கணத்தில் படித்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். ‘குறியீடு’ என்பது ஒன்றுக்குப் பதிலாக நிற்கும் அடையாளத்தைக் குறிக்குமாதலால் இங்கே பொருந்தாது. ‘வழிகாட்டி’ என்பது ‘லைட்ஃபோசில்’ என்ற ஜெர்மானியச் சொல்லுக்கு நேரானது. பிழையில்லை என்றாலும், சிப்பி நம்மை எங்கும் அழைத்துச் செல்வதில்லை, காலத்தைச் சுட்டுகிறது, அவ்வளவே. சிப்பியைச் சூளையிலிட்டுச் சுண்ணாம்பு எடுத்த நம் பக்கத்தில் ‘சுட்டு’ என்றதும் நெருப்பு நினைவுக்கு வரக்கூடும். ‘சுட்டுவிரல்’ என்று சொல்லும்போது யாரும் அப்படி மயங்காததால் அந்த அச்சம் தேவையில்லை.

படிவத்தைக் கொண்டு பாறையின் காலத்தை அறியும் கருத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் வில்லியம் ஸ்மித். 1790களில் இங்கிலாந்தின் சாமர்செட்டில் கால்வாய்க்கு நிலம் அளந்த அவர், ஒவ்வோர் அடுக்கிலும் அதற்கே உரிய படிவங்கள் ஒரே வரிசையில் மீண்டும் மீண்டும் வருவதைக் கண்டு, அவ்வறிவைக் கொண்டு 1815இல் நிலவியல் வரைபடம் ஒன்றை வெளியிட்டார். ஜுராசிக் என்னும் நிலவியல் காலத்தின் பெயரோ, பிரான்சுக்கும் சுவிட்சர்லாந்துக்கும் இடையிலுள்ள ஜுரா மலைத்தொடரின் சுண்ணப்பாறைக்கு ஜெர்மானிய அறிஞர் ஹம்போல்ட் இட்ட பெயரிலிருந்து கிளைத்தது. ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 14.5 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்த காலம் அது.

ஜுராசிக் அடுக்குகளுக்கு முதன்மையான சுட்டுப் படிவம், சுருண்ட ஓடுடைய கடலுயிரான அம்மோனைட். நீந்தித் திரிந்து பல கடல்களுக்கும் பரவிய அவ்வுயிர் விரைவாக உருமாறியதே காரணம். சிப்பிகள் பெரும்பாலும் அடித்தரையோடு வாழ்பவை. மணலுக்கு ஒரு வகை, சேற்றுக்கு ஒரு வகை என்று இடத்தைப் பொறுத்து மாறுபவை. பல வகைகள் நெடுங்காலம் உருமாறாமலே இருப்பவை. ஆகவே எல்லாச் சிப்பியும் காலம் சுட்டாது. ஆனால் அம்மோனைட் அரிதாகிய வடதுருவப் பக்கத்துக் கடற்பாறைகளில் ‘புக்கியா’ என்ற சிப்பி அக்குறையைத் தீர்க்கிறது. அதன் இடது ஓடு வலது ஓட்டைவிட உப்பியிருக்கும். மேற்பரப்பில் வளைவான வரைகள் அடுக்கடுக்காக ஓடும். அந்த வரைகளின் நெருக்கமும் ஓட்டின் வடிவமும் இனத்துக்கு இனம் வேறுபடுவதால், ‘புக்கியா கான்சென்ட்ரிகா’ கிடைத்தால் ஜுராசிக்கின் பிற்பகுதியிலுள்ள ஆக்ஸ்ஃபோர்டியன், கிம்மரிட்ஜியன் காலங்களை ஒட்டியதென்றும், ‘புக்கியா மாஸ்க்வென்சிஸ்’ கிடைத்தால் அதற்குப் பிந்திய அடுக்கென்றும் சைபீரியாவிலும் அலாஸ்காவிலும் ஒரே முறையில் கணிக்கிறார்கள். ஜெர்மானிய நிலவியலாளர் லியோபோல்ட் ஃபான் புக்கின் பெயரே இந்தச் சிப்பிக்கு இடப்பட்டுள்ளது. ‘லைட்ஃபோசில்’ என்ற கருத்தை வளர்த்தவர்களில் அவரும் ஒருவர்.

சிப்பி வகை உயிர்களுக்கு ‘பைவால்வ்’ என்ற பெயர், கதவின் மடலைக் குறிக்கும் இலத்தீன் ‘வால்வா’விலிருந்து வந்தது. நேராக ‘ஈரோட்டுடலி’ என்றால் கொங்கு நாட்டு ஊர் குறுக்கே வரும். முத்துப் பாரில் குளித்தவர்கள் சிப்பியையும் சங்கையும் ஒருபோதும் குழப்பியதில்லை: இரண்டு ஓடுகள் கீல் போல இணைந்தது சிப்பி, ஒற்றை ஓடு சுழன்றது சங்கு. பழந்தமிழில் ‘இப்பி’ என்றும் உண்டு. வகைப்பாட்டை வலியுறுத்த வேண்டிய இடத்தில் மட்டும் ‘இருவோட்டுச் சிப்பி’ என்றால் போதும்.

நம் திருநெல்வேலிச் சீமையின் அடித்தளம் நைஸ், சார்னோக்கைட் போன்ற மிகப் பழைய உருமாற்றப் பாறைகள். கரையோரத்துச் சிப்பிப் பாறைகளோ ஜுராசிக்குக்கு வெகு பிந்தியவை. ஆகையால் அக்காலக் கடற்சிப்பியை இந்தியாவில் காண விரும்புவோர் குஜராத்தின் கட்ச் பகுதிக்கோ ராஜஸ்தானின் ஜெய்சல்மேருக்கோ செல்லலாம். கட்ச்சில் ‘ட்ரைகோனியா’ வகைச் சிப்பிகள் பெயர்பெற்றவை. அங்கும் சுட்டுப் படிவம் எது முந்தியது, எது பிந்தியது என்ற வரிசையைத்தான் தரும். இத்தனை கோடி ஆண்டு என்ற எண், எரிமலைச் சாம்பல் அடுக்குகளிலுள்ள சிர்க்கான் படிகங்களில் யுரேனியம் ஈயமாக மாறிய அளவைக் கணக்கிடுவது போன்ற முறைகளால் கிடைப்பது.