வைவா முடிந்த பிறகு: ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். முதுமுனைவர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க

முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வான வைவா முடிந்த அன்று எல்லோரும் சொல்வதுதான்: "சீக்கிரம் இதைப் புத்தகமாகப் போட்டுவிடுங்கள்." அப்புறம் கௌரவ விரிவுரையாளர் வேலை, வாரம் முழுக்க வகுப்பு, விடைத்தாள் கட்டு. ஆய்வேடு நூலக அலமாரியில் இருக்கும், புத்தகம் வராது. எழுதத் தெரியாமல் அல்ல, எழுத நேரமும் அதற்கான பணமும் இல்லாமல். அந்த இரண்டையும் கொடுக்கத்தான் ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். எனப்படும் இந்தியச் சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகம் முதுமுனைவர் (போஸ்ட் டாக்டோரல்) உதவித்தொகை வைத்திருக்கிறது. 1969இல் தொடங்கிய இந்தக் கழகம் டெல்லியில், மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறது.

காலம் 2 ஆண்டுகள், முழுநேரம். 2020களின் தொடக்கத்து அறிவிப்புகளில் மாதம் 31,000 ரூபாய், அதோடு களச்செலவு, புத்தகம், பயணம் போன்றவற்றுக்கு ஆண்டுக்கு 25,000 ரூபாய். தொகை அவ்வப்போது மாறும். நீங்கள் விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்பில் உள்ளதே செல்லும். சமூக அறிவியல் துறையொன்றில் முனைவர் பட்டம் முடித்திருக்க வேண்டும், வயது 45க்குள். பட்டியல் சாதி, பழங்குடி, மாற்றுத்திறனாளி விண்ணப்பதாரர்களுக்கு 5 ஆண்டு தளர்வு உண்டு. பட்டம் இன்னும் முடியாதவர்களுக்கு முனைவர் பட்ட ஆய்வாளர் உதவித்தொகையும், வயதும் அனுபவமும் கூடியவர்களுக்கு சீனியர் ஃபெலோஷிப்பும் தனித்தனியாக இருக்கின்றன. கதவு மாறித் தட்ட வேண்டாம்.

'சமூக அறிவியல்' என்பதைக் குறுகலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பொருளாதாரம், சமூகவியல், அரசியல் அறிவியல் மட்டுமல்ல. வணிகவியல், கல்வியியல், சட்டம், சமூகப் பணி, ஊடகவியல், நூலக அறிவியல், நவீன சமூக வரலாறு எல்லாம் பட்டியலில் உண்டு. ஆனால் சோழர் காலக் கல்வெட்டைப் படிக்கப் போகிறீர்கள் என்றால் அது இந்திய வரலாற்று ஆராய்ச்சிக் கழகத்தின் வாசல். மெய்யியல் என்றால் அதற்கும் தனிக் கழகம் இருக்கிறது.

அறிவிப்பு வழக்கமாக ஆண்டுக்கு ஒரு முறை ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். இணையதளத்தில் வரும், சில வாரங்களே திறந்திருக்கும். அறிவிப்பைப் பார்த்த பிறகு முன்மொழிவு எழுத உட்கார்ந்தால் முடியாது. முன்மொழிவு இரண்டு மாதத்துக்கு முன்பே கையில் இருக்க வேண்டும்.

அந்த முன்மொழிவில்தான் பெரும்பாலானவர்கள் விழுகிறார்கள். முனைவர் பட்ட ஆய்வேட்டின் தலைப்பில் இரண்டு சொல்லை மாற்றி அப்படியே அனுப்புவது நம் ஊரில் பழகிப்போன தவறு. நிபுணர் குழு முதலில் பார்ப்பதே இது பழைய சோற்றுக்குப் புதுத் தாளிப்பா என்பதைத்தான். உதாரணத்துக்கு, உங்கள் ஆய்வேடு 'திருப்பூர் பின்னலாடைப் பெண் தொழிலாளர்களின் சமூகப் பொருளாதார நிலை – ஓர் ஆய்வு' என்று இருந்ததாக வைத்துக்கொள்வோம். அதில் கேள்வியே இல்லை. இடம் இருக்கிறது, ஆட்கள் இருக்கிறார்கள், அவ்வளவுதான். அதே களத்திலிருந்து இப்படிக் கேட்டுப் பாருங்கள்: கம்பெனியில் பவர் டேபிளில் தைத்த பெண், குழந்தை பிறந்த பிறகு வீட்டிலேயே மெஷின் போட்டு பீஸ் கணக்கில் தைக்கத் தொடங்கும்போது, கூலியைப் பேசி வாங்கும் பலம் கூடுகிறதா, குறைகிறதா? இப்போது யாரிடம் பேச வேண்டும், எத்தனை வீடு, எந்தக் கணக்குநோட்டைப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் தானாகத் தெரிகிறது. மத்திய அரசு 2017இல் தொடங்கிய காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பின் (பி.எல்.எஃப்.எஸ்.) எண்களோடு ஒப்பிடவும் வழி இருக்கிறது. ஆய்வு முறை என்ற தலைப்பின் கீழ் 'முதன்மைத் தரவு, இரண்டாம்நிலைத் தரவு பயன்படுத்தப்படும்' என்று ஒரு வரி எழுதி முடித்துவிடாதீர்கள். எத்தனை பேர், எந்தத் தெரு, எந்த மாதம் என்று எழுதுங்கள்.

கடைசியில் என்ன வெளியாகும் என்பதையும் அங்கேயே சொல்லுங்கள். இயல் பகுப்பு, எந்த இயலில் இருந்து கட்டுரை வரும், அதை எந்த மாதிரி இதழுக்கு அனுப்புவீர்கள். இறுதி அறிக்கை அச்சுக்குப் போகும் தரத்தில் இருக்க வேண்டும் என்பது கழகத்தின் எதிர்பார்ப்பு. அதற்கு மேல், ஆய்வுக் காலத்தில் தரமான இதழ்களில் கட்டுரை வெளியிடவும் கேட்பார்கள், வழக்கமாக இரண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி., தரமான இதழ்களுக்கென வைத்திருந்த கேர் பட்டியலை 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டதால், எது தரமான இதழ் என்பதை உங்கள் அறிவிப்பில் உள்ள வரையறையை வைத்தே பாருங்கள். பணம் கட்டினால் பத்து நாளில் போடுகிறோம் என்று மின்னஞ்சல் அனுப்பும் இதழ்களைத் திரும்பியும் பார்க்காதீர்கள்.

முன்மொழிவுக்கு அடுத்த தலைவலி இணைவு. தனியாளாக இந்த உதவித்தொகையை வாங்க முடியாது. ஒரு பல்கலைக்கழகமோ, யு.ஜி.சி. சட்டத்தின் 2(எஃப்), 12(பி) பிரிவுகளில் அங்கீகாரம் பெற்ற கல்லூரியோ, கழகத்தின் ஆய்வு நிறுவனங்களில் ஒன்றோ உங்களை ஏற்றுக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் அப்படியான நிறுவனம் சென்னை அடையாறில் உள்ள எம்.ஐ.டி.எஸ். எனப்படும் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம், மால்கம் ஆதிசேஷையா 1971இல் தொடங்கியது. வழிகாட்ட ஒப்புக்கொள்ளும் பேராசிரியர் கிடைப்பது எளிது. பதிவாளரின் கையெழுத்தும் முத்திரையும் கிடைப்பதுதான் கஷ்டம். நான் ஒரு முறை விண்ணப்பித்தபோது "ஃபைல் மேலே போயிருக்கு சார்" என்ற பதிலை மூன்று வாரம் கேட்டேன். கடைசியில் அது மேலே போகவே இல்லை, கீழ் மேசையில் ஒரு டீக்கறை படிந்த உறைக்குள் இருந்தது. ஆகவே கடிதத்தின் வாசகத்தை நீங்களே தட்டச்சு செய்து கொடுங்கள். ஆய்வாளருக்கு இடவசதி, நூலக வசதி தருவோம், நிதியை நிர்வகித்துக் கணக்குக் கொடுப்போம் என்ற உறுதி அதில் இருக்க வேண்டும்.

சரி, கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பணம் மாதாமாதம் சம்பளம்போல் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். சேர்ந்த அறிக்கையும் உறுதிமொழியும் போன பிறகு முதல் தவணை வரும். அடுத்தடுத்த தவணைகள் முன்னேற்ற அறிக்கையையும் செலவுக் கணக்கையும் பார்த்த பிறகு. மத்திய அரசின் பொது நிதி விதிகளில் உள்ள ஜி.எஃப்.ஆர். 12-ஏ என்ற படிவத்தில் பயன்பாட்டுச் சான்றிதழை நிறுவனம் தர வேண்டும், அதற்கு நிதிப்பிரிவின் பின்னால் நீங்கள்தான் அலைய வேண்டும். பஸ் டிக்கெட், ஜெராக்ஸ் ரசீது வரை ஒரு கவரில் போட்டு வையுங்கள். குறைந்தது நான்கைந்து மாதம் ஓட்டக் கையில் காசு இல்லாமல், இருக்கும் வேலையை விட்டுவிட்டு இதில் இறங்க வேண்டாம். அதே காலத்தில் வேறு உதவித்தொகை வாங்கவும் கூடாது. அறிக்கை கொடுக்காமல் பாதியில் விட்டவர்கள் நிலுவைப் பட்டியலில் சேர்வார்கள். கழகத்தின் அடுத்த திட்டத்துக்கு அவர்களால் விண்ணப்பிக்க முடியாது.

இறுதி அறிக்கை மென்பொருளில் ஒப்புமைச் சோதனைக்குப் போகும். ஏற்கெனவே வெளியான எழுத்தோடு ஒப்புமை 10 விழுக்காடு வரை இருந்தால் யு.ஜி.சி.யின் 2018 விதிகள் தண்டிப்பதில்லை. அதிலும் சொந்த ஆய்வேட்டிலிருந்து பத்திகளைத் தூக்கி வைத்தவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள். தன்னுடையதை எடுத்தாலும் எங்கிருந்து எடுத்தது என்று காட்டியாக வேண்டும்.

வெளியாகும் எல்லாவற்றிலும் நன்றியுரையில் கழகத்தின் பெயர் வர வேண்டும், கூடவே இன்னொரு வரியும்: சொல்லப்பட்ட தகவல், கருத்து, முடிவு எல்லாவற்றுக்கும் பொறுப்பு ஆசிரியரே. இந்த வரியை மறந்து கட்டுரையை வெளியிட்டுவிட்டு, அப்புறம் திருத்தம் போடச் சொல்லி இதழ் ஆசிரியரிடம் கெஞ்சியவர்கள் உண்டு. கட்டுரையின் முதல் வரைவிலேயே, தலைப்புக்குக் கீழே அதை ஒட்டி வைத்துவிடுங்கள்.