படத்தைப் பார்ப்பதா, எழுத்தைப் படிப்பதா?

வேற்றுமொழிப் படம் பார்க்கச் சொன்னால் பலரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "கீழே ஓடுற எழுத்தைப் படிச்சுட்டே இருந்தா படத்தை எப்பப் பாக்குறது?" நியாயமான கேள்வி. முதல் தடவை ஒரு ஜப்பானியப் படத்தைப் பார்க்க உட்கார்ந்தபோது அரை மணி நேரத்திலேயே எனக்குக் கண் வலித்தது, யார் முகமும் மனதில் பதியவில்லை, பாதியில் நிறுத்திவிட்டேன். ஆனால் ஏழெட்டுப் படங்கள் தாண்டி ஒரு நாள், நீளமான ஒரு காட்சி முடிந்த பிறகு யோசித்துப் பார்த்தால் நான் எதையும் படித்த ஞாபகமே இல்லை. வசனம் முழுக்க அந்த நடிகையின் குரலிலேயே, எனக்குத் தெரிந்த மொழியில் காதில் விழுந்த மாதிரி இருந்தது. நடுவில் என்ன மாறியது?

கண்ணிலிருந்து ஆரம்பிக்கலாம். வாசிக்கும்போது பார்வை வரிமேல் வழுக்கிக்கொண்டு போவதாகத் தோன்றும். உண்மையில் அது தாவித் தாவித்தான் போகிறது: ஓரிடத்தில் கால் நொடி போல நிற்கும், சட்டென்று அடுத்த இடத்துக்குத் தாவும், தாவுகிற கணத்தில் நாம் கிட்டத்தட்ட எதையும் பார்ப்பதில்லை. அதோடு, விழித்திரையில் கூர்மையாகப் பார்க்கிற பகுதி ரொம்பச் சின்னது. கையை நேராக நீட்டிக் கட்டைவிரலைத் தூக்கிப் பிடித்தால் அந்த விரலின் அகலம் எவ்வளவோ ஏறத்தாழ அவ்வளவுதான் ஒரு நேரத்தில் தெளிவாகத் தெரியும், மற்றதெல்லாம் மங்கல். ஆகவே நடிகரின் கண்களையும் கீழே உள்ள எழுத்தையும் ஒரே நேரத்தில் கூர்மையாகப் பார்க்க யாராலும் முடியாது. மாறி மாறித்தான் பார்க்க வேண்டும்.

சப்டைட்டில் போடுகிறவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். இரண்டு முழு வரிக்கு 6 நொடி என்பது தொலைக்காட்சியில் நெடுங்காலமாக இருந்துவரும் கணக்கு. நெட்ஃபிளிக்ஸ் ஆங்கில சப்டைட்டிலில் ஒரு வரிக்கு 42 எழுத்து, அதுவும் இடைவெளி உட்பட, அதற்கு மேல் கூடாது என்று விதி வைத்திருக்கிறது. இந்த அளவுக்குள் அடங்க வேண்டும் என்பதால்தான் நடிகர் மூச்சுவிடாமல் பேசினாலும் எழுத்து சுருக்கமாக வருகிறது. சரளமாகப் படிப்பவர் அந்த 6 நொடியில் பாதியிலேயே படித்து முடித்துவிடுவார், மீதி நேரம் முகத்துக்கு.

பெல்ஜியத்தில் லூவென் பல்கலைக்கழக உளவியலாளர்கள் இதைக் கண் அசைவுக் கருவி வைத்தே பார்த்தார்கள். 1991இல் வெளிவந்த அந்த ஆய்வில், சப்டைட்டில் பழக்கமே இல்லாத அமெரிக்கர்களுக்கு ஆங்கிலப் படத்தையே ஆங்கில எழுத்தோடு போட்டுக் காட்டினார்கள். காதால் கேட்டாலே புரிகிற படம், எழுத்துக்கு அவசியமே இல்லை, ஆனாலும் அவர்கள் கண் எழுத்துக்குப் போனது. எழுத்தறிந்த கண்ணுக்கு, வரி தோன்றினால் படிப்பது என்பது நாம் எடுக்கிற முடிவே அல்ல, அது பாட்டுக்கு நடக்கிறது. ஆரம்பத்தில் நம்மைக் களைப்பாக்குவது வாசிப்பைவிட, ஒரு வரியை விட்டுவிடுவோமோ என்ற பதற்றம்தான் என்று நினைக்கிறேன். அந்தப் பயத்தில் கண்ணைக் கீழேயே கட்டிப்போட்டு வைக்கிறோம். பயம் போனால் கண் தானாக மேலே ஏறும்.

அடுத்தது காது. தெரியாத மொழி எப்போதும் படுவேகமாகத்தான் கேட்கும், ஏனென்றால் பேச்சில் சொற்களுக்கு நடுவே இடைவெளி கிடையாது. நம் மொழியிலும் கிடையாது, சொற்களைத் தெரிந்த மூளைதான் வெட்டிப் பிரித்துக்கொள்கிறது. 2019இல் 17 மொழிகளை அளந்து பார்த்த ஓர் ஆய்வு, ஜப்பானியம் போன்ற மொழிகளில் அசைகள் வேகமாக வந்தாலும் ஒவ்வோர் அசையும் சுமக்கிற தகவல் குறைவு என்றும், மொத்தத்தில் எல்லா மொழிகளும் நொடிக்குச் சுமார் 39 பிட் (பிட் என்பது தகவலை அளக்கும் அலகு) என்ற அளவை ஒட்டியே தகவலைத் தருகின்றன என்றும் சொல்கிறது. அவர்கள் நம்மைவிட அவசரமாக எதையும் சொல்லிவிடவில்லை.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிதான் வருகிறது. "நான் அவனைக் கொல்லவில்லை" என்று ஒருவன் சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். ஜப்பானியத்திலும் தமிழைப் போலவே வினை கடைசியில்தான் வரும், அந்த வினைக்கும் கடைசியில்தான் 'இல்லை' ஒட்டும்: கொரோஷிதே நை. 'கொரோஷிதே' வரை சொல்லிவிட்டு நடிகர் ஒரு கணம் நிறுத்தினால், கொன்றானா இல்லையா என்று அந்தக் கணம் முழுக்கத் தெரியாது. ஆனால் ஆங்கில சப்டைட்டில் 'ஐ டிட் நாட்' என்று முதலிலேயே போட்டு உடைத்துவிடும். நடிகர் கட்டிவைத்த மௌனம் எழுத்தில் காணாமல் போகிறது. இதைத் தெரிந்துகொண்டபின் நான் வரியைப் படித்தாலும் வாக்கியத்தின் வாலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பேன். கொரிய மொழியும் துருக்கிய மொழியும்கூட வினையைக் கடைசியில் வைப்பவைதான், அந்தத் தாளம் தமிழ்க் காதுக்குச் சீக்கிரம் பிடிபடும்.

மரியாதையும் அப்படித்தான். கொரிய மொழியில் 'கோமாவோயோ' என்றால் மரியாதையான நன்றி, 'கோமாவோ' என்றால் நெருங்கியவரிடம் சொல்லும் நன்றி. ஒரு காட்சியில் அந்த 'யோ' திடீரென்று உதிர்ந்தால் இருவருக்கும் நடுவே ஏதோ மாறிவிட்டது, 'நீங்கள்' 'நீ' ஆகிவிட்டது என்று அர்த்தம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே 'யூ'தான். எழுத்து சொல்லாததைக் குரல் சொல்கிறது, அதைப் பிடிக்க அந்த மொழி தெரிந்திருக்க வேண்டியதில்லை, ஒரு சின்ன ஒலியைக் கவனித்தால் போதும். சிரிப்பு, அலறல் போன்றவற்றுக்கு அதுகூட வேண்டாம். நமீபியாவின் ஹிம்பா மக்களும் பிரிட்டிஷ்காரர்களும் ஒருவர் எழுப்பிய ஒலியிலிருந்து மற்றவர் உணர்ச்சியைச் சரியாக அடையாளம் கண்டதை 2010இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது.

டப்பிங் போதாதா என்றால், டப்பிங்கில் நல்ல வேலைகளும் உண்டு, வாசிக்கச் சிரமப்படுவோருக்கு அதுவே வழி. ஆனால் நாம் உதட்டாலும் கேட்கிறோம். 'பா' என்ற ஒலியை, 'கா' சொல்கிற வாயோடு சேர்த்துக் காட்டினால் பலருக்கு 'டா' என்று கேட்கிறது. 1976இல் மெக்கர்க், மெக்டொனால்ட் என்ற உளவியலாளர்கள் இருவரும் கண்டுபிடித்தது இது. உதடு ஒன்று சொல்லி ஒலி வேறொன்று சொன்னால் ஏதோ ஒட்டாமல் இருக்கிறதே என்று தோன்றுவது இதனால்தான்.

கொஞ்சம் தெரிந்த மொழி என்றால் சப்டைட்டிலையும் அதே மொழியில் வைத்துப் பாருங்கள். பழக்கமில்லாத ஸ்காட்லாந்து, ஆஸ்திரேலிய ஆங்கில உச்சரிப்பைக் கேட்ட டச்சுக்காரர்களில், ஆங்கில எழுத்தோடு பார்த்தவர்களுக்குக் காது நன்றாகப் பழகியது, டச்சு எழுத்தோடு பார்த்தவர்களுக்கு அது இடைஞ்சலாகவே இருந்தது என்று 2009இல் வந்த ஓர் ஆய்வு கண்டது. சுத்தமாகத் தெரியாத மொழி என்றால் வேறு வழி இருக்கிறது. படம் முடிந்ததும் பிடித்த ஒரு காட்சிக்குத் திரும்பிப் போங்கள், இரண்டு நிமிடம் போதும், எழுத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். என்ன பேசுகிறார்கள் என்பது ஏற்கெனவே தெரியும். அப்போதுதான் பேசாமல் கேட்டுக்கொண்டிருக்கிற இன்னொருவரின் முகம் கண்ணில் படும்.