பந்தி தயார், மாப்பிள்ளை வரவில்லை: சைகஸ் விதையின் கதை

வாசகர் ஒருவர் கேட்கிறார்: வாசலில் வைத்த, பனைபோல் தோன்றும் அலங்கார மரமான சைகஸ் ரெவலூட்டாவில் கொத்துக் கொத்தாய் ஆரஞ்சு நிற விதைகள் பிடித்தன. விதைத்துப் பல மாதமாகியும் ஒன்றுகூட முளைக்கவில்லையே, ஏன்?

பக்கத்தில் ஆண் மரம் இல்லை, அவ்வளவுதான். ஆண் இல்லாமலே விதை இவ்வளவு பருத்தது எப்படி என்பதுதான் சுவாரசியம்.

மா, புளி போன்ற பூக்கும் தாவரங்கள் கணக்கில் கெட்டி. கருவுற்ற பிறகுதான் விதைக்குள் உணவைச் சேர்க்கும். விதையைப் பழத்துக்குள் மூடிவைக்காத ஜிம்னோஸ்பெர்ம்களில் (சைகஸ், பைன் போன்றவை) விதையின் உணவு, முட்டையை உண்டாக்கும் பெண் கேமீட்டகத் தாவரம் என்ற திசுவேதான். அது கருவுறும் முன்பே வளர்ந்துவிடுகிறது. மாப்பிள்ளை வருமுன்னே பந்தி போட்டாயிற்று. சைகஸில் அவர் வராமலே போனாலும் சூல் (விதையாக மாறும் உறுப்பு) பருத்து, நிறம் மாறி, உதிரும். உள்ளே கரு மட்டும் இருக்காது.

இன்று வாழும் ஜிம்னோஸ்பெர்ம்கள் ஆயிரம் இனங்களுக்குச் சற்று மேல். ஊசியிலை மரங்கள் 600க்கு மேல், சைகஸ் கூட்டம் 350க்கு மேல், நீட்டம், எபிட்ரா, வெல்விட்சியா ஆகிய பேரினங்கள் சேர்ந்து நூற்றுச் சொச்சம், ஜிங்கோ ஒன்றே ஒன்று. எதிலும் சூலை மூடிக் காக்கும் சூலகம் கிடையாது. அதனால் பெரும்பாலானவை சூலின் வாயான சூல்துளையில் ஒரு சொட்டுத் திரவத்தைச் சுரந்து காத்திருக்கின்றன. காற்றிலோ வண்டின் முதுகிலோ வரும் மகரந்தம் அதில் ஒட்டும். சொட்டு சுண்டும்போது மகரந்தமும் உள்ளே இழுபடும். பைனில் சூல்துளை பெரும்பாலும் கீழ்நோக்கி இருப்பதால் சொட்டு தலைகீழாகத் தொங்கும். பைன் மகரந்தத்துக்கு இரண்டு காற்றுப்பைகள் உண்டு. அவை மிதவையாகி அதைச் சொட்டுக்குள் மேலே ஏற்றிவிடும்!

உள்ளே போன பின் நடப்பது இன்னும் விசேஷம். பைனில் மகரந்தக்குழாய் விந்தணுவை முட்டை வரை கொண்டுசேர்க்கும் குழாய். சைகஸிலும் ஜிங்கோவிலும் அது வேர் போலச் சூல் திசுவுக்குள் கிளைவிட்டு, உணவை உறிஞ்சும். ஜிங்கோவில் இந்தக் குடித்தனம் நான்கைந்து மாதம் நீளும். பிறகு குழாயின் மறுமுனை வீங்கி வெடிக்க, இரண்டு விந்துகள் வெளியேறி, முட்டைக்கு மேலுள்ள சிறு நீர்க்குழியில் சாட்டை போன்ற கசையிழைகளைச் சுழற்றி நீந்திப் போகும். பாசியும் பெரணியும் இதற்கு மழை நீரை நம்பியிருக்கின்றன. இவை குளத்தையே சூலுக்குள் கொண்டுவந்துவிட்டன. சைகஸின் உறவான ஜேமியாவில் ஒரு விந்து 0.4 மில்லிமீட்டர் வரை இருக்கும். வெறும் கண்ணுக்கே ஒரு புள்ளியாகத் தெரியும்.

ஜிங்கோ விந்து நீந்துவதை 1896 செப்டம்பரில் டோக்கியோவில் முதலில் கண்டவர் ஹிராசே சகுகோரோ. பல்கலைக்கழகத்தில் படம் வரையச் சேர்ந்தவர். அடுத்த ஆண்டே வேலையை விட்டுப் பள்ளி ஆசிரியராகப் போனார். 1912இல் ஜப்பானிய அகாதெமியின் பேரரசர் பரிசு, சைகஸ் விந்தணுவைக் கண்ட இகெனோவுக்கும் அவருக்கும் கிடைத்தது. மாதக்கணக்கில் சூல்களை அறுத்துப் பார்ப்பதே வேலை என்று இன்று நிதி கேட்டால் எந்தக் குழு தரும்?

வாசகருக்கு வருவோம். பெண் மரத்தின் உச்சியில் பழுப்பு நிறக் கம்பளிபோல் மூடிய சூலிலைகள் (சூல்களைத் தாங்கும் இலைகள்) தளர்ந்து, விரல் நுழையும் இடைவெளி விடும்போது மகரந்தம் தூவ வேண்டும். ஆண் கூம்பு பொடி உதிர்க்கத் தொடங்கியதும் காகிதத்தின் மேல் தட்டிச் சேகரித்து, உலர்த்தி, காற்றுப்புகாமல் குளிர்பெட்டியில் வையுங்கள். ஈரம் பட்டால் கட்டிதட்டிக் கெட்டுவிடும். எல்லாச் சூலும் ஒரே நாளில் சொட்டு விடாது. ஒருநாள் விட்டு ஒருநாள், மூன்று நான்கு தடவை உலர்ந்த தூரிகையால் தூவுங்கள். விதை உதிர்ந்த பிறகும் கரு உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும். ஆகவே உடனே ஒன்றை அறுத்துப் பார்த்து, கரு இல்லை என்று மீதியைத் தூக்கி எறியாதீர்கள். சில மாதம் நிழலில் வைத்துப் பிறகு விதையுங்கள். விதையில் சைகசின் என்ற நஞ்சு உண்டு. கடித்த நாய்களுக்குக் கல்லீரல் கெட்டுப்போகும். கையாண்டபின் கையைக் கழுவுங்கள்.

நாட்டு மருந்துக் கடையில் வீரியத்துக்கென்று விற்கும் மதனகாமப்பூ, மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய சைகஸ் சர்சினாலிஸின் ஆண் கூம்புச் செதில்தான். அது பூவே இல்லை. அழியும் ஆபத்திலுள்ள அந்த மரத்தின் ஆண் கூம்பை முற்றுமுன் வெட்டிக்கொண்டு போனால், காட்டிலுள்ள பெண் மரங்களும் வாசகரின் சைகஸைப் போலக் கருவில்லாத விதைகளைத்தான் உதிர்க்கும்.