குத்தவைத்த முழங்கால்

மண்டபம், பாம்பன் பக்கமிருந்து என் பிசியோதெரபி அறைக்கு வருகிறவர்களில் முழங்கால் வலிக்காரர்கள்தான் அதிகம். கருவாடு தரம் பிரிக்கும் ஒரு அக்கா சொன்னார்: "நடந்தா இன்னும் தேயும்னு சொல்றாக. கடைக்குப் போறதையும் விட்டுட்டேன் சார்." ஆனால் காலையில் குத்தவைத்தால் மதியச் சோற்றுக்குத்தான் எழுந்திருக்கிறார். விட வேண்டியதை விடவில்லை!

மூட்டில் எலும்பு முனையைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பு சில மில்லிமீட்டர் கனம்தான். பெரும்பகுதி தண்ணீர்; ரத்தக் குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. செல்கள் ஆங்காங்கே தனித்தனியாக இருக்கும், மொத்தக் கன அளவில் 5 சதவீதம்கூடத் தேறாது. சுற்றியுள்ள கொலாஜன் என்ற நார்ப் புரதத்தையும், நீரைப் பிடித்துவைக்கும் பொருளையும் உண்டாக்குவது அவைதான்.

காலை ஊன்றும்போது குருத்தெலும்பு அமுங்கி நீர் நகரும். எடுத்ததும் திரும்ப ஊறும். ரத்தக் குழாய் இல்லாத செல்லுக்குச் சாப்பாடு வருவதும் இந்த நீர் வழியாகத்தான். செல்லும் கூடவே நசுங்கி விரியும். அப்போது அதன் சவ்விலுள்ள நுண்வாயில்கள் திறந்து கால்சியம் உள்ளே பாய்கிறது. டிஆர்பிவி4 என்ற வாயில் அன்றாட அழுத்தத்துக்குத் திறந்து, செல்லைக் கட்டுமான வேலைக்கு முடுக்கும். பியசோ1, பியசோ2 இரண்டும் மிதமிஞ்சிய நசுக்கலுக்குத் திறப்பவை. அது அளவு மீறினால் செல்லே செத்துவிடும். பியசோவைக் கண்டறிந்த ஆர்டெம் படபூட்டியன் 2021 மருத்துவ நோபலைப் பகிர்ந்துகொண்டார்.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. ஆய்வகத்தில் குருத்தெலும்பை நிதானமாக அமுக்கி, விட்டு, மறுபடி அமுக்கினால் செல்கள் கூடுதலாக உழைக்கின்றன. அமுக்கியபடியே வைத்தால் சோர்ந்துபோகின்றன. சரி, பாரமே வேண்டாம் என்று படுத்துவிடலாமா? மாதக்கணக்கில் கால் ஊன்றாதவர்களுக்கும் குருத்தெலும்பு மெலிகிறது.

அந்த அக்காவிடம், காலி மீன்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதில் உட்காரச் சொன்னேன். "எல்லாரும் தரையில இருக்கையில நான் மட்டும் மகாராணியாட்டமா?" என்று சிரித்தார். அரைமணிக்கு ஒருதரம் எழுந்து நாலு எட்டு நடக்க வேண்டும். சாயங்காலம் புதைமணலை விட்டு, அலை நனைத்த கெட்டி மணலில் நடை. அப்புறம், நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சி. தேய்ந்த இடம் இதனால் முளைத்துவிடாது, அதை மறைக்கமாட்டேன். தொடைத் தசை வலுத்தால் வலி குறையும். இருப்பதும் பட்டினி கிடக்காது.

மூட்டு சூடாக வீங்கினாலோ, மடக்க நீட்ட முடியாமல் சிக்கிக்கொண்டாலோ, படகில் வழுக்கி அடிபட்டிருந்தாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு முதலில் எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.